ஓட்டுக் கேட்பவர் சொல்வதும் போர்டு செய்வதும்

2022ஆம் ஆண்டு கோடையில், சான் பிரான்சிஸ்கோ பள்ளி போர்டு தேர்தலில் நின்றவர்களுக்கு ஒரு பெற்றோர் அமைப்பு கேள்வித்தாள் அனுப்பியது. அமெரிக்க உள்ளூர்த் தேர்தல்களில் இது வழக்கமான சடங்கு. ஆசிரியர் சங்கம் ஒன்று அனுப்பும், பத்திரிகைக்காரர்கள் ஒன்று அனுப்புவார்கள், கட்சிக் கிளைகள் தங்கள் பங்குக்கு அனுப்பும். வேட்பாளர் ராத்திரி கண்விழித்து எல்லாவற்றுக்கும் பதில் எழுதுவார். பெரும்பாலும் அதை முழுதாகப் படிக்க ஆள் இருக்காது.

அந்த முறை படித்துவிட்டார்கள். கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்கள் படிப்பில் பின்தங்குவதைப் பற்றிய கேள்விக்கு, ஆன் ஷு என்ற வேட்பாளர், குடும்பத்தின் ஆதரவு இல்லாததும் பெற்றோர் ஊக்கம் தராததும் பெரிய தடைகள் என்ற பொருள்பட எழுதியிருந்தார். வீடும் சாப்பாடும் நிச்சயமில்லாமல் இருப்பதையும் கூடவே சொல்லியிருந்தார், ஆனால் அது யார் காதிலும் விழவில்லை. பழியைப் பிள்ளைகளின் பெற்றோர் தலையில் கட்டுகிறார் என்று ஊர் கொதித்தது. மன்னிப்புக் கேட்டார். அப்போது அவர் மேயர் நியமித்த உறுப்பினராக போர்டில் உட்கார்ந்திருந்தவர். அந்த போர்டே அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. நவம்பரில் தோற்றார்.

அவர் எழுதியது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் என்னை யோசிக்க வைத்தது வேறு. அந்தக் கேள்விக்கு அவர் நூற்றுக்கு நூறு சரியாகப் பதில் எழுதியிருந்தாலும், அதில் வரும் வாடகை, வேலை, பட்டினி எதுவும் பள்ளி போர்டின் கையில் இல்லை. அதே மாதங்களில் அதே பள்ளி மாவட்டத்தில், புதிதாகப் போட்ட சம்பள மென்பொருள் சொதப்பியதில் ஆசிரியர்கள் பலருக்குச் சம்பளம் குறைவாக வந்தது, சிலருக்கு வரவே இல்லை. அது முழுக்க முழுக்க போர்டின் தலையில் விழ வேண்டிய விஷயம். ஊர் கொந்தளித்தது எதற்கு என்று பாருங்கள்.

ஒரு பள்ளி போர்டு வேட்பாளரின் கருத்துகளை எப்படிப் படிப்பது என்று விளக்க, சான் பிரான்சிஸ்கோவைவிட நல்ல ஊர் கிடைக்காது. கடந்த சில ஆண்டுகளில் அங்கே நடக்காத கூத்து இல்லை.

முதலில், போர்டு என்றால் என்ன? நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு மூன்று அர்த்தம். கடை வாசலில் தொங்குவது ஒன்று. ஸ்டேட் போர்டு, சிபிஎஸ்இ என்று பரீட்சை வைப்பது இன்னொன்று. எழுபது வயது தாண்டியவர்களைக் கேட்டால் மூன்றாவது ஒன்றைச் சொல்வார்கள்: “நாங்கல்லாம் போர்டு ஹைஸ்கூல்ல படிச்சவங்க.” அமெரிக்கப் பள்ளி போர்டுக்குத் தூரத்துச் சொந்தம் இந்த மூன்றாவதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

அமெரிக்காவில் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. மாவட்டம் என்றதும் கலெக்டர் ஆபீஸ் நினைவுக்கு வர வேண்டாம். பள்ளிக்கூடங்களுக்கென்றே தனியாகக் கோடு போட்டுப் பிரித்த எல்லை அது. ஒரு பெருநகரம் முழுவதும் ஒரே மாவட்டமாக இருக்கலாம், நாலு கிராமம் சேர்ந்தும் ஒன்றாக இருக்கலாம். அதை நடத்தும் குழுவை, பெரும்பாலான இடங்களில், மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்குச்சீட்டில் வேட்பாளரின் கட்சிப் பெயர் அநேகமாக இருக்காது.

சான் பிரான்சிஸ்கோவில் 7 உறுப்பினர்கள், 4 ஆண்டுப் பதவி. தொகுதி கிடையாது, நகரம் முழுவதும் எல்லோருக்கும் ஓட்டுப் போடும். சம்பளம் என்று தருவது மாதம் 500 டாலர். அந்த ஊர் வீட்டு வாடகையில் கால்வாசிக்குக்கூட அது காணாது. இந்த ஏழு பேர்தான் சுமார் 49,000 பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு, 100 கோடி டாலருக்கு மேல் போகும் பட்ஜெட்டுக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். வேலை முடிந்து வந்து மாலைக் கூட்டத்தில் உட்கார்ந்தால் நள்ளிரவு வரை போகும்.

அவர்கள் கையில் உண்மையில் இருப்பது என்ன? சூப்பரிண்டெண்டை நியமிப்பதும் அனுப்புவதும் முதல் வேலை. நம் ஊர் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் (சிஇஓ) மாதிரியான பதவி, ஆனால் அரசு மாற்றல் போட்டு அனுப்பியவர் அல்ல, போர்டு ஒப்பந்தம் போட்டு வேலைக்கு வைத்தவர். அப்புறம் பட்ஜெட், ஆசிரியர் சங்கத்தோடு சம்பள ஒப்பந்தம், எந்தப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்கிற விதி, எந்தப் புத்தகம் வாங்குவது, எந்தப் பள்ளியை மூடுவது. அவ்வளவுதான். எந்த வகுப்பில் என்ன கற்பிக்க வேண்டும் என்ற தரத்தை மாநிலம் வகுக்கிறது. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான கடமைகள் மத்தியச் சட்டத்திலிருந்து வருகின்றன. பணத்தில் பெரும்பங்கு எவ்வளவு என்பதைக் கலிஃபோர்னியா மாநிலத்தின் ஒரு சூத்திரம் தீர்மானிக்கிறது. 1978இல் சொத்து வரிக்கு மாநிலம் முழுவதும் உச்சவரம்பு வைத்த வாக்கெடுப்புக்குப் பிறகு, உள்ளூரில் வரியைக் கூட்டி நினைத்தபடி பள்ளி நடத்தும் காலம் போய்விட்டது.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு 2021இல் நடந்ததைப் பாருங்கள்.

அந்த ஜனவரியில் கொரோனா காரணமாகப் பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. தனியார் பள்ளிகள் பல திறந்துவிட்டன. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் திரைக்கு முன்னால். போர்டு ஜனவரி 26 அன்று 6க்கு 1 என்ற கணக்கில் ஒரு முடிவெடுத்தது: 44 பள்ளிகளின் பெயரை மாற்றுவது. ஆபிரகாம் லிங்கன் பெயரும் ஜார்ஜ் வாஷிங்டன் பெயரும் போக வேண்டும். அந்த ஊரின் முன்னாள் மேயரும் அப்போது உயிரோடிருந்த செனட்டருமான டயான் ஃபைன்ஸ்டைன் பெயரும் போக வேண்டும். அடிமை முறையோடும் ஒடுக்குமுறையோடும் தொடர்புள்ளவர்களின் பெயரை நீக்குவது நோக்கம். நோக்கத்தைப் பற்றி நாலு விதமாகப் பேசலாம். செய்த விதத்தைப் பேச வழியே இல்லை. அமெரிக்க விடுதலைப் போர் வீரர் பால் ரெவியரின் பெயரை நீக்கச் சொன்ன காரணம், அவர் பெனாப்ஸ்காட் என்ற பழங்குடியினரின் நிலத்தைப் பறிக்கும் படையெடுப்பில் இருந்தார் என்பது. 1779இல் நடந்த பெனாப்ஸ்காட் படையெடுப்பு உண்மையில் ஆங்கிலேயப் படைக்கு எதிரானது. அங்கே இருந்த விரிகுடாவின் பெயர் அது. பெயரைப் பார்த்துப் போரைத் தீர்மானித்துவிட்டார்கள். வரலாற்று ஆசிரியர்கள் ஒருவரையும் கேட்கவில்லை. ஏப்ரலில் போர்டு முடிவைத் திரும்பப் பெற்றது.

பிப்ரவரியில் நகர நிர்வாகம் தன் சொந்தப் பள்ளி மாவட்டத்தின் மீதே வழக்குப் போட்டது, பள்ளியைத் திற என்று. அதே மாதம், ஒரு தந்தையைப் பெற்றோர் ஆலோசனைக் குழுவில் தன்னார்வலராகச் சேர்ப்பதா வேண்டாமா என்று போர்டு இரண்டு மணி நேரம் விவாதித்தது. அந்த நேரம் வரை கூட்டத்தில் காத்திருந்த பெற்றோர் பள்ளி எப்போது திறக்கும் என்று கேட்க வந்தவர்கள்.

இவற்றையெல்லாம்விட ஆழமாகக் குத்தியது லோவல் விவகாரம். 1856இல் தொடங்கிய லோவல் உயர்நிலைப் பள்ளி, மதிப்பெண் பார்த்துச் சேர்க்கும் அரசுப் பள்ளி. உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஸ்டீபன் பிரையர் அங்கே படித்தவர். மாணவர்களில் ஏறக்குறைய பாதி ஆசிய வம்சாவளியினர், அதிலும் சீன அமெரிக்கர்கள் அதிகம். கறுப்பின மாணவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவு. இனவெறிச் சம்பவங்கள் அங்கே நடந்ததும் உண்மை. 2021 பிப்ரவரியில் போர்டு 5க்கு 2 என்று வாக்களித்து, மதிப்பெண் முறையை எடுத்துவிட்டு மற்றப் பள்ளிகளைப் போலக் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தது.

சீன அமெரிக்கர்களுக்கு இது பழைய காயம். 1983இல் இனப் பிரிவினையை ஒழிப்பதற்கான நீதிமன்ற உடன்பாட்டின்படி, எந்தப் பள்ளியிலும் எந்த ஓர் இனமும் குறிப்பிட்ட சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வைத்தார்கள். விளைவு, லோவலில் சேரச் சீனப் பிள்ளை மற்றவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் எடுக்க வேண்டியிருந்தது. 1994இல் வழக்குப் போட்டு, 1999இல் சமரசத்தில் அந்த முறையை முடித்துவைத்தார்கள். கட்-ஆஃப், இட ஒதுக்கீடு என்று பேசிப் பழகிய நமக்கு இந்தச் சண்டை ரொம்பத் தெரிந்ததுபோல் தோன்றும். கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நம் இட ஒதுக்கீடு விண்ணப்பித்தவர்களில் ஒதுக்கப்பட்டவர்களுக்கு இடம் வைக்கிறது. அங்கே நடந்தது, ஓர் இனத்துக்கு மேல்வரம்பு கட்டியது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் இரண்டுமே புரியாமல் போகும்.

லோவல் முடிவை நீதிமன்றத்தில் சாய்த்தது கொள்கை அல்ல, அஜெண்டா. கலிஃபோர்னியாவில் 1953இலிருந்து இருக்கும் பிரவுன் சட்டத்தின்படி, உள்ளாட்சி அமைப்புகளின் வழக்கமான கூட்டம் ஒவ்வொன்றிலும் எதைப் பற்றி முடிவெடுக்கப் போகிறார்கள் என்பதை 72 மணி நேரத்துக்கு முன்பே தெளிவாக அறிவிக்க வேண்டும். போர்டின் அறிவிப்பில் லோவலில் உள்ள இனவெறி பற்றிய தீர்மானம் என்று இருந்ததே தவிர, சேர்க்கை முறை மாறப்போகிறது என்பது விளங்கவில்லை என்று நீதிபதி 2021 நவம்பரில் தீர்ப்பளித்தார். கூட்டம் நடத்தத் தெரிவதும் ஒரு தகுதி. எந்த வேட்பாளரிடமும் அதை யாரும் கேட்பதில்லை.

2022 பிப்ரவரி 15 அன்று திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பு, அதாவது பதவியில் இருப்பவரை இடையிலேயே நீக்குவதற்கான வாக்கெடுப்பு. இந்தியாவிலிருந்து குடியேறிய சிவா ராஜும் அவர் வாழ்க்கைத் துணையான ஆட்டம் லோயனும் தொடங்கி வைத்த இயக்கம் அது. 51,000க்கு மேல் கையெழுத்து தேவைப்பட்டது; 80,000ஐத் தாண்டிக் கொடுத்தார்கள். போர்டு உறுப்பினர்கள் அலிசன் காலின்ஸ், கேப்ரியேலா லோபெஸ், ஃபாவுகா மொலிகா மூவரையும், ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானவர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் ஏன் தப்பினார்கள்? அவர்கள் பதவியேற்று அதிக நாள் ஆகவில்லை என்பதால், சட்டப்படி அவர்களை இன்னும் திரும்ப அழைக்க முடியாது. அதே தீர்மானங்களுக்குக் கை தூக்கியவர்களும் அதில் இருந்தார்கள். காலியான மூன்று இடத்துக்கு மேயர் லண்டன் பிரீட் ஆட்களை நியமித்தார். அந்த மூவரில் ஒருவர்தான் முதலில் சொன்ன ஆன் ஷு. சீன அமெரிக்க வாக்காளர்களைத் திரட்டி இந்த வாக்கெடுப்பை வெல்ல வைத்தவர்களில் முன்னால் நின்றவர். ஜூனில் 4க்கு 3 என்று லோவலுக்கு மதிப்பெண் முறை திரும்பியது. ஒற்றை ஓட்டு வித்தியாசம். அவர் ஓட்டு அந்த நாலில் ஒன்று. கேள்வித்தாளில் எழுதிய வரிகளுக்காக அவரை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. அவர் போர்டில் செய்ததாகச் சொல்லத்தக்கது இந்த ஓட்டுதான்.

அல்ஜீப்ரா கதை வேறு மாதிரி. 2014இலிருந்து அந்த மாவட்டத்தில் 8ஆம் வகுப்பில் அல்ஜீப்ரா கிடையாது, எல்லோருக்கும் 9ஆம் வகுப்பில்தான். கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று சிலரைச் சிறு வயதிலேயே தனி வரிசையில் பிரிப்பதால் ஏழைப் பிள்ளைகள் பின்னால் தள்ளப்படுகிறார்கள் என்பது காரணம். வசதியுள்ள பெற்றோர் சும்மா இருப்பார்களா? கோடை விடுமுறையில் பணம் கட்டி வெளியில் படிக்க வைத்தார்கள். சமத்துவத்துக்காகப் போட்ட விதி, டியூஷனுக்குப் பணம் இருப்பவர்களை முன்னால் விட்டது. டியூஷன் சென்டர் தெருவுக்கு ஒன்று பார்த்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 2024 மார்ச்சில் இதை ஆலோசனை வாக்கெடுப்பாக மக்கள் முன் வைத்தபோது, 80 சதவீதத்துக்கு மேல் 8ஆம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா வேண்டும் என்றார்கள். அதற்கு முந்தின மாதமே போர்டு இறங்கிவந்து, சில பள்ளிகளில் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டது. போர்டு நினைத்தால் மாற்றக்கூடியதை ஊர் விடாமல் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதுதான் எடுத்துக்காட்டு.

ஆனால் கசப்பான கேள்வி பணம். அங்கேதான் வேட்பாளர்களின் நாக்கு தடித்துவிடுகிறது.

கலிஃபோர்னியாவில் மாநிலப் பணம் தலைக்கு இவ்வளவு என்று வருகிறது, அதுவும் பெயர்ப் பதிவேட்டில் இருக்கும் தலைக்கு அல்ல, தினமும் வகுப்பில் உட்காரும் தலைகளின் சராசரிக்கு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து வீட்டில் இருந்தால் பள்ளிக்கு அன்றைய பணம் போச்சு. சான் பிரான்சிஸ்கோவில் குழந்தைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பிறப்பு விகிதம் இறங்குகிறது. வாடகை ஏறுவதால் பிள்ளை பிறந்ததும் குடும்பங்கள் ஊரை விட்டுக் கிளம்புகின்றன. இருப்பவர்களில் நாலில் ஒரு பிள்ளைக்கு மேல் தனியார் பள்ளியில். குலுக்கலில் பக்கத்துப் பள்ளி கிடைக்காமல் ஊரின் மறுகோடியில் இடம் கிடைத்தால், வசதியுள்ளவர்கள் தனியார் பள்ளியைத் தேடிப் போகிறார்கள். பிள்ளைகள் குறைந்தாலும் கட்டடம் குறைவதில்லை. அரைப் பள்ளிக்கும் ஒரு தலைமை ஆசிரியர், ஓர் அலுவலகம், ஒரு கூரை வேண்டும்.

கூடவே 2023இல் வேலைநிறுத்தத்தின் விளிம்பு வரை போய் ஆசிரியர்களுக்கு முதல் ஆண்டு 9,000 டாலர், அடுத்த ஆண்டு 5 சதவீதம் என்று உயர்வு ஒப்புக்கொண்டார்கள். ஆசிரியரே குடியிருக்க முடியாத ஊரில் அது நியாயமான உயர்வு. கணக்கு மட்டும் இடித்தது. 2025–26க்கு 11 கோடியே 30 லட்சம் டாலர் துண்டு விழும் என்று தெரிந்தது. மாநிலக் கல்வித் துறையின் நிதி ஆலோசகர்கள் வந்து உட்கார்ந்தார்கள். புதிதாக ஆள் எடுப்பதைக்கூட அவர்கள் தடுக்கலாம் என்ற நிலை. இன்னும் ஒரு படி போனால் என்ன ஆகும் என்பதற்குப் பாலத்தின் அந்தப் பக்கம் ஓக்லாந்து இருக்கிறது. 2003இல் கடன் கொடுத்து மாநிலம் அந்த மாவட்டத்தையே கையில் எடுத்தது, போர்டு அதிகாரமில்லாத பொம்மையானது, கடன் அடைய இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

பள்ளி மூடலைத் தவிர்க்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். 2024 அக்டோபர் 8 அன்று, தேர்தலுக்கு நாலு வாரம் இருக்கும்போது, மூடவோ இணைக்கவோ உத்தேசித்த 13 பள்ளிகளின் பட்டியலை சூப்பரிண்டெண்ட் மாட் வேய்ன் வெளியிட்டார். ஊர் கொதித்தது. தேர்தலில் நின்ற மேயர், நிறுத்துங்கள் என்றார். அதே மாதம் வேய்ன் ராஜினாமா செய்தார். நகரத்தின் குழந்தைகள் நலத் துறையை நடத்திவந்த மரியா சு அந்த இடத்துக்கு வந்ததும் மூடல் திட்டம் அலமாரிக்குப் போனது. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்த பிரச்சினை மட்டும் அப்படியே நின்றது.

இந்த நிலையில் வேட்பாளரிடம் “பள்ளிகளை மூடுவீர்களா?” என்று கேட்டால் என்ன பதில் வரும்? “சமூகத்தோடு கலந்து பேசாமல் மூட மாட்டேன்.” இந்தப் பதிலை எந்தக் கட்சிக்காரரும் எந்தக் காலத்திலும் சொல்லலாம். பொய்யில்லை, உபயோகமுமில்லை. கேட்க வேண்டியது வேறு: 150 பிள்ளை படிக்கும் பள்ளியும் 500 பிள்ளை படிக்கும் பள்ளியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், எந்த அளவுகோலை முதலில் பார்ப்பீர்கள்? மூடவே மாட்டேன் என்றால் அந்தப் பணத்தை எந்த வேலையிலிருந்து எடுப்பீர்கள்? சூப்பரிண்டெண்ட் கொண்டுவரும் பட்ஜெட்டை எப்போது திருப்பி அனுப்புவீர்கள்? திரும்ப அழைத்தலுக்குப் பிறகு போர்டு தனக்கே சில இலக்குகள் வைத்துக்கொண்டது. 3ஆம் வகுப்பில் வயதுக்கேற்பப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளை 52 சதவீதத்திலிருந்து 2027க்குள் 70 ஆக்குவது அதில் ஒன்று. அந்த எண் வேட்பாளருக்குத் தெரிகிறதா என்று கேட்டாலே பாதி வெளுத்துவிடும்.

வேட்பாளர் சொல்லும் கருத்தைவிட அவருக்கு யார் ஆதரவு என்பதும் நிறையச் சொல்லும். லாஸ் ஏஞ்சலிஸில் 2017இல் நிக் மெல்வாய்ன், போர்டு தலைவர் ஸ்டீவ் சிம்மரைத் தோற்கடித்த தேர்தல், அந்நாட்டின் மிக அதிகச் செலவு பிடித்த பள்ளி போர்டு தேர்தல் என்று பேசப்பட்டது. ஒரு பக்கம் ஆசிரியர் சங்கங்களின் பணம், மறு பக்கம் அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் சார்ட்டர் பள்ளிகளின் ஆதரவாளர்கள் பணம். சங்கம் ஆதரித்தவரே நாளை அதே சங்கத்தோடு சம்பளம் பேச மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும். இதில் ஒளிவுமறைவு இல்லை, எல்லாம் சட்டப்படிதான். ஓட்டுப் போடுபவர் தெரிந்து போட வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இதில் தமிழர்களுக்கு என்ன? சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிய விரிகுடாப் பகுதித் தமிழர்களில் பெரும்பாலானோர் சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்குள் இல்லை. ஃபிரீமாண்ட், சன்னிவேல், சான் ஹோசே பக்கம். பள்ளியின் மதிப்பெண்ணைப் பார்த்து வீடு வாங்குவது அங்கே எழுதாத சாஸ்திரம். விலாசம்தான் பள்ளியைத் தீர்மானிக்கும் என்பதால் வீட்டு விலையில் பள்ளியும் சேர்ந்தே விற்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் விலாசம் அந்த உத்தரவாதத்தைத் தராது. ஆனால் வேறெதுவோ தருகிறது. 2016இல் நிறைவேறிய வாக்கெடுப்பின்படி, அந்த நகரத்தில் வசிக்கும் பிள்ளையின் பெற்றோரோ காப்பாளரோ, குடியுரிமை இல்லாவிட்டாலும், பள்ளி போர்டு தேர்தலில் மட்டும் ஓட்டுப் போடலாம். ஹெச்1பி விசாவில் இருப்பவரும் கிரீன் கார்டுக்குப் பத்து வருடமாகக் காத்திருப்பவரும் இதில் அடக்கம். 2022இல் கீழ் நீதிமன்றம் செல்லாது என்றது. 2023இல் மேல்முறையீட்டில் செல்லும் என்றாயிற்று.

2018இல் முதன்முறை அமலானபோது நூறு பேர்கூடப் பதிவு செய்யவில்லை. காரணம் சோம்பல் அல்ல. நீங்கள் தரும் தகவல் குடிவரவுத் துறைக்குப் போய்ச் சேரக்கூடும் என்று அந்தப் பதிவுப் படிவத்தோடே எச்சரிக்கை வருகிறது. தவறிப்போய் மத்தியத் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டால் நாடு கடத்தும் அளவுக்குப் போகும். அதனால் இவர்களுக்கென்று பள்ளி போர்டு மட்டும் உள்ள தனிச் சீட்டு. உரிமை ஒரு கையில், பயம் மறு கையில்.

இனி அந்தப் பழைய போர்டு. சென்னை மாகாணத்தில் ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் சாலை போட்டன, சத்திரம் பார்த்தன, ஆஸ்பத்திரி வைத்தன, பள்ளிக்கூடமும் நடத்தின. தஞ்சாவூர் தாலுகா போர்டின் தலைவராக இருந்த தமிழவேள் உமாமகேசுவரனார் கிராமம் கிராமமாகத் தொடக்கப் பள்ளி திறந்ததை இன்றும் கரந்தைப் பக்கம் சொல்வார்கள். எந்த ஊரில் பள்ளி வரும் என்பது, உள்ளூர்த் தேர்தலில் ஜெயித்தவர்கள் கூடி முடிவு செய்த விஷயமாக இருந்தது. ஓட்டுரிமை அன்று வரி கட்டுபவர்களுக்குத்தான் என்பதையும் மறக்கக்கூடாது. பிறகு ஜில்லா போர்டுகள் போயின, உயர்நிலைப் பள்ளிகள் அரசிடம் வந்தன. ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்ற பெயர்ப்பலகை மட்டும் மிச்சம். அதில் வேலை செய்யும் ஆசிரியரை நியமிப்பதும் மாற்றுவதும் ஒன்றியம் அல்ல.

அதற்கு ஈடாக இன்று நம்மிடம் இருப்பது பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022இல் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். பல ஊர்களில் தாய்மார்கள் முதன்முறையாகத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கழிப்பறைக்குக் கதவு இல்லை, சுற்றுச்சுவர் இடிந்து கிடக்கிறது, கணக்கு டீச்சர் இல்லை என்று தீர்மானம் எழுதி அனுப்பலாம். கணக்கு டீச்சரைக் கொண்டுவர அந்தக் குழுவால் முடியாது. அமெரிக்க போர்டிடம் அதிகாரம் இருந்தும் தேர்தல் பேச்சு வேறெங்கோ போகிறது. இங்கே பேச்சு மிகச் சரியாகக் கழிப்பறைக் கதவில் நிற்கிறது, அதிகாரம்தான் சென்னையில் இருக்கிறது. எது மேல் என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கணக்கு டீச்சர் கேட்டுத் தீர்மானம் போடும் அம்மாவுக்கு, அந்த ஏழு பேரின் அதிகாரத்தில் கால்வாசி இருந்தால் என்ன செய்வார் என்று மட்டும் அடிக்கடி யோசிப்பதுண்டு.

2024 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் 4 இடங்களுக்கு 11 பேர் நின்றார்கள். ஜேமி ஹியூலிங், பராக் குப்தா, ஜான் ஜெர்சின், சுப்ரியா ரே ஆகியோர் ஜெயித்தார்கள். இருவர் இந்திய வம்சாவளிப் பெயர் கொண்டவர்கள். மறுபடி நின்ற ஒரே பழைய உறுப்பினர் தோற்றார். ஜனவரியில் பதவியேற்றபோது முன்னால் இருந்தது அந்த 11 கோடிச் சொச்சம் துண்டு. கலிஃபோர்னியச் சட்டப்படி, அடுத்த கல்வியாண்டில் வேலை இல்லாமல் போகலாம் என்ற முதல் நோட்டீஸை ஆசிரியருக்கு மார்ச் 15க்குள் கொடுத்தாக வேண்டும். வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், எத்தனை நோட்டீஸ் என்று ஓட்டுப் போட வேண்டியிருந்தது. முன்கூட்டியே ஓய்வுபெறுபவர்களுக்குத் தொகை தருவதாக அறிவித்து, அதை நூற்றுக்கணக்கானோர் ஏற்றுக்கொண்டதால், கடைசியில் வகுப்பறை ஆசிரியர்கள் தப்பினார்கள். மூடுவதாக இருந்த பள்ளிகளில் மணி இன்னும் அடிக்கிறது.